சப்பாத்தைக் காய வைத்த அக்காவுக்கு

வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. கணுக்கால் கட்டை இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் கை நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் வழியாகத் தனியாக நடக்கப் போய், மழையில் காலில் அடிபட்டு மாட்டிக்கொண்டேன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த ராத்திரி நிறையப் பேர் தூங்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கே அதில் பாதி ஞாபகமில்லை, மீதி ஞாபகத்தில் இருக்கவும் வேண்டாம்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. மழையில் டார்ச் அடித்து, தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டே தேயிலைக்குள் தேடி வந்த தோட்டத்து அண்ணன்மாருக்கு. என்னை முதுகில் தூக்கி இறக்கிய தம்பிக்கு (என் கனம் எனக்குத் தெரியும், மன்னித்துக்கொள்ளுங்கள்). ரோட்டில் மண் சரிந்து கிடந்தாலும் விடிந்ததும் வந்துவிட்ட 1990 (இலங்கையின் இலவச ஆம்புலன்ஸ் எண்) ஆம்புலன்ஸ்காரர்களுக்கு. சிங்களத்தில் திட்டித் தமிழில் தலையைத் தடவிய நர்சம்மாவுக்கு. கொழும்பிலிருந்து ரயிலேறி வந்த தோழிக்கு. செய்தி கிடைத்ததும் கோயம்புத்தூரில் என் அம்மாவுடன் போய் உட்கார்ந்துகொண்ட உங்களுக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

ஆனால் இந்த மடல் ஒரு ஜோடி ஷூவைப் பற்றியது.

வண்டி காலையில்தான் வரும் என்று தெரிந்ததும் என்னை ஒரு லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அந்த அக்காவின் பெயரை இங்கே எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. ஈரத்தை மாற்றி, போர்த்தி, சாயத்தண்ணி (பால் ஊற்றாத தேத்தண்ணி) ஊற்றிக் கொடுத்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார். என் அம்மாயியும் இப்படித்தான், சீனியைத் தண்ணியில் கலக்காமல் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும். அதைப் பார்த்து நான் அழுதேனா, குளிரில் நடுங்கினேனா தெரியவில்லை. அப்போது அக்கா கேட்டார், "எந்தத் தோட்டம் புள்ள?"

இந்தியா என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நான் வேறு பதில் சொன்னேன். அம்மாயி தலவாக்கலைப் பக்கம் கொழுந்து பறித்தது, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் விழுந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்தது, அப்புறம் கூடலூரில் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனம்) தோட்டத்தில் மறுபடியும் அதே கூடை. பள்ளிக்கூடத்தில் என்னை 'சிலோன்காரி' என்று கூப்பிடுவார்கள் என்பதற்காகவே ஊர் எது என்று கேட்டால் கோயம்புத்தூர் என்று சொல்லிப் பழகியவள் நான். இருபது வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான். அக்கா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப நம்ம புள்ளதான்" என்றுவிட்டு என் ஷூவைக் கையில் எடுத்தார்.

நான் ஷூ என்கிறேன், அவர் சப்பாத்து என்றார். இரட்டை முடிச்சு போட்டு ஊறிப்போன கயிற்றை நகத்தால் நெம்பி அவிழ்த்தார். நாக்குக்கு அடியில் இரண்டு அட்டை ஒட்டியிருந்தது, ஒரு சிட்டிகை உப்பு வைத்ததும் சுருண்டு விழுந்தது. உள்ளே இருந்த மெத்தையை உருவித் தனியாகப் பிழிந்தார். அப்புறம் பழைய தாள் தேடினார். செய்தித்தாள் இல்லை. மூலையில் மகனின் புலமைப்பரிசில் (உதவித்தொகைப் பரீட்சை) மாதிரி வினாத்தாள்கள் கட்டாக இருந்தன, அவன் ஐந்தாம் ஆண்டு. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த பையன் முகத்தைச் சுளிக்கவில்லை. கட்டைப் பிரித்து, "இது செஞ்சது, இது செய்யாதது" என்று இரண்டாகப் பிரித்து, செய்ததை மட்டும் அம்மாவிடம் நீட்டினான்.

தாளைக் கசக்கி முனைவரைக்கும் திணித்து, கவ்வாத்து மிளாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். என்ன விலை என்று கேட்டார். நான் பாதி விலையைச் சொன்னேன். அந்தப் பாதியே அவருடைய பத்து நாள் சம்பளம் என்று அடுத்த நொடியில் கணக்குப் போட்டுப் பார்த்துக் கூசிப்போனேன். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லாமல், "அப்ப கருகிறப் படாது" என்று நெருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். வலியில் முழித்த போதெல்லாம் பார்த்தேன், ஈரத் தாளை உருவிவிட்டு உலர்ந்த தாள் திணித்துக்கொண்டிருந்தார். மூன்று தடவையாவது இருக்கும். விடிந்தால் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடம்) போக வேண்டியவர், போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் கிடையாது. அன்றைக்கு அவர் போகவில்லை.

காலையில் ஒரு காலில்தான் ஷூ ஏறியது, இன்னொன்று வீங்கிக் கிடந்தது. எலும்பில் ஒன்றுமில்லை, ஜவ்வுதான் என்று பிறகு சொன்னார்கள். என்றாலும் இரண்டையும் துடைத்து, கயிற்றைக்கூடக் கழுவிக் கோத்து, வாசல்படியில் ஜோடியாக வைத்திருந்தார். அதன் மேல் புகை வாசனை இன்னும் போகவில்லை. கழுவப் போவதில்லை.

கால் நீட்டிப் படுத்திருக்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. தனியாக நட, பையைத் தூக்கு, உன்னையே நீ கண்டுபிடிப்பாய் என்று எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன்! கண்டியில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவரை 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல், தேயிலை மலைகள் வழியாகப் போகும் பீக்கோ டிரெயில் என்ற நடைபாதை முழுவதையும் ஒரே மூச்சில் ஒற்றை ஆளாக முடிக்கிறேன் என்று கிளம்பியவள். பொகவந்தலாவைக்கும் டயகமவுக்கும் நடுவில் அந்த ஜம்பம் தீர்ந்தது. நான் அழகு பார்த்துப் படம் பிடித்த பாதைகளில் பல, தேயிலையை ரயிலுக்கும் கண்டிக்கும் இறக்குவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்டவை. அதற்கும் முன்னால் மன்னாரிலிருந்து காட்டு வழியாக மலைக்கு நடந்தே வந்த சனம் அக்காவின் சனம், வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல், மலையகத்துக்கு வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்கள் மறுபடி நடந்தபோது நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஷூ விலை பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நடப்பதைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

மறுபடி போவேன். விட்ட இடத்திலிருந்தே, ஆனால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு. விசில் எடுத்துப் போவேன், மூன்று மணிக்கு மேல் புது ஏற்றத்தில் கால் வைக்க மாட்டேன், மழை மூட்டினால் திரும்பிவிடுவேன். அம்மா, இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும், இது சத்தியம். அக்கா பணம் வாங்க மாட்டார், கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. பையனுக்கு ஒரு கட்டு வினாத்தாள் அனுப்புகிறேன், எல்லாம் செய்யாதது.

நேற்று இடது ஷூவின் முனையில் ஏதோ தட்டுப்பட்டது. விரலை விட்டு எடுத்தால் ஒரு தாள், ஓரம் பழுப்பாகி மொறுமொறுவென்று இருந்தது. மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் ஒருவர் 14 கிலோமீட்டர் நடக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருந்தது. மூன்றரை மணி என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் தானே ஒரு 'சரி' போட்டிருந்தான்.