அடிக்குறிப்பில் உள்ள புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் 22 ஆண்டுகளாக டி.டி.பி., பைண்டிங் கடை நடத்தி வருகிறேன். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் கடையில் உட்கார இடம் இருக்காது. முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளை இரவு 11 மணி வரைகூட அடித்துக்கொண்டிருப்பேன். அப்படி அடிக்கும்போது கண்ணில் பட்ட ஒரு விஷயத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இந்த ஆண்டு வரலாறு படிக்கும் மாணவி ஒருவர், விஜயநகரக் காலத்துப் பெண்கள் நிலை பற்றிய ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். மூன்றாம் இயலில், 1425இல் விரிஞ்சிபுரத்தில் வரதட்சணை ஒழிக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்கு அடிக்குறிப்பு, 1890இல் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி. பக்க எண் போடவில்லை.

விரிஞ்சிபுரம் நான் பிறந்த ஊர். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலோரம் விளையாடி வளர்ந்தவள் நான். ‘விரிஞ்சை மதிலழகு’ என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். கோபுர வாசலில் கல்வெட்டு இருப்பது தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அதனால் ஆசையாகத்தான் கேட்டேன், “இந்தப் புத்தகம் வச்சிருக்கியாம்மா, கொஞ்சம் காட்டேன்” என்று. “இல்லக்கா, சீனியர் ரிப்போர்ட்ல இருந்து எடுத்தேன்” என்றார்.

அந்தச் சீனியரின் ரிப்போர்ட்டும் என் கடையில் அடித்ததுதான். பழைய ஃபைலைத் திறந்தேன். அதே வரி, அதே அடிக்குறிப்பு. ‘விருஞ்சிபுரம்’ என்று நான் அன்று கவனிக்காமல் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே வந்திருந்தது.

அந்தத் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடை சாத்தும் நேரத்தில் இருவரும் உட்கார்ந்து தேடினோம். கல்வெட்டின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் இருக்கின்றன. விஜயநகர அரசர் தேவராயர் காலத்தில் படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், அவர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் என எல்லோருமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும். பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுத்தவரும், பொன் கொடுத்துப் பெண் கட்டியவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள்; பிராமணர் கூட்டத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள்.

அப்படியென்றால் அங்கே தடுத்தது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் பொன்னை. பரிசப் பணம் என்போமே, அந்த வகை. வரதட்சணை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகும் பணம். அதோடு, ஒரு சமூகத்தார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை ஊர் முழுவதற்குமான சட்டம் போல எழுதியாகிவிட்டது. ஒரே வரியில் இரண்டு தவறு. அடிக்குறிப்பில் இருந்த புத்தகத்தை ஒரே ஒருவர் திறந்து பார்த்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமே இல்லை. படித்தது சீனியரின் ஆய்வேடு என்றால் அதைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும், அவர் குறிப்பிட்ட மூலநூலைத் தானே படித்ததுபோலப் போடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. “அப்படிப் போட்டா மதிப்பெண் குறைச்சிடுவாங்கன்னு நினைச்சேன்க்கா” என்றார். உண்மையை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று ஒரு பிள்ளை பயப்படுவதுதான் என்னை மிகவும் வருத்தியது.

இன்னொன்று, இந்த ‘மேலது’. ஒரே நூலிலிருந்து அடுத்தடுத்து மேற்கோள் எடுத்தால் இரண்டாவதற்கு ‘மேலது, ப.45’ என்று போடுவார்கள். வழிகாட்டி ஒரு பத்தியை மேலே கொண்டுபோகச் சொல்வார். நானும் வெட்டி ஒட்டுவேன். அந்த நிமிடமே ‘மேலது’ வேறொரு நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். இப்போதெல்லாம் கடைசித் திருத்தம் முடியும்வரை ஒவ்வொரு குறிப்பிலும் நூலின் பெயரையே வைத்திருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பதிப்பு விவரமும் அப்படித்தான். எங்கள் பழைய மாவட்டத்தைப் பற்றி வெள்ளைக்காரர் காலத்தில் வந்த கையேட்டை ‘வட ஆர்க்காடு மேனுவல், ப.112’ என்று மட்டும் போட்டால், 1881இல் காக்ஸ் தொகுத்ததா, பின்னர் ஸ்டூவர்ட் திருத்தி இரண்டு தொகுதிகளாக வந்ததா, எதில் போய்ப் பார்ப்பது? 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சியைப் பற்றி எழுதாத ஆண்டே இல்லை. ஆனால் அதில் இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. யார் சொன்ன எண் என்று எழுதாவிட்டால் படிக்கிறவர் எதை நம்புவார்?

கருத்துத் திருட்டைத் தடுக்க பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. பிறர் எழுதியதோடு 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகக் கூடாது என்பது எல்லா மாணவருக்கும் மனப்பாடம். “அக்கா, வார்த்தைய மாத்தி சதவீதத்தக் குறைச்சுக் குடுங்க” என்று என்னிடமே கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. வார்த்தையை மாற்றினாலும் கருத்து இன்னொருவருடையதுதானே! அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும் மென்பொருள் எழுத்து ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கும். விரிஞ்சிபுரத்தில் வரதட்சணை ஒழிந்ததா என்று அது கேட்காது. அதைப் பேராசிரியர்கள்தான் கேட்க வேண்டும்.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டிலிருந்து இரண்டே இரண்டு அடிக்குறிப்புகளைத் தொட்டு, “இந்தப் பக்கத்தைக் காட்டு” என்று கேளுங்கள். புத்தகமாக இருந்தாலும் சரி, கைபேசியில் இருந்தாலும் சரி. அப்படிக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், குறிப்பு எடுக்கும்போதே பக்க எண்ணை எழுதி வைத்துக்கொள்வார்கள்.

அந்த மாணவி மறுநாளே வரியைத் திருத்தி, கல்வெட்டு எண், பக்க எண்ணோடு கொண்டுவந்தார். அந்தத் தொகுதியை என் கணினியில் சேமித்து வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்று எந்த மாணவர் வந்தாலும் திறந்து காட்டுகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடை நடத்தும் வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.