பாப்பாவுக்கு, டி51 வாங்குறதுக்கு முன்னாடி

பாப்பா,

நேத்து போன்ல ஜப்பான்லேருந்து உனக்கு எந்த பித்தளை மாடல் ரயில் எஞ்சின்தான் வேணும்ப்பா, லிங்க் அனுப்பு, ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வரேன்னு கேட்டே. லிங்க் பாத்து வாங்குற சமாச்சாரம் இல்லம்மா இது, கையில எடுத்துப் பாக்கணும், ஓட விட்டுக் கேக்கணும், அதான் டைப் பண்றேன், நீளமா போகும், வேலைக்குப் போறப்ப ட்ரெயின்ல படி. மாப்ள அனுப்புன போட்டோவும் பாத்தேன். பிரிக்காத டப்பா, பளபளன்னு பித்தளை, ஒரு தடவ கூட ஓடாததாம், பின்னாடி நல்ல வெலைக்குப் போகும்ங்கிறாரு. அவர் சொல்றது தப்பில்ல, சேத்து வெக்கிறவங்க அப்படித்தான் பாப்பாங்க, டப்பா இருக்கா, பெயிண்ட் அடிக்காம இருக்கா, அதுலதான் வெலையே. ஆனா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டரா இருந்தவன் ஓடாத எஞ்சினை வெச்சு இன்னா பண்ணுவான் சொல்லு. எனக்கு ஓடுறது வேணும். பெயிண்ட் உரிஞ்சிருந்தாலும் சரி, டப்பா இல்லாட்டியும் சரி, அதுக்குத்தான் வெல கம்மி, நமக்கு லாபம்.

எது வேணும்னா, டி51. நீ நகோயா மியூசியத்துல நின்னு போட்டோ அனுப்புனியே, அது சி62, நம்பர் 17, 1954ல 129 கிலோமீட்டர் ஸ்பீடு போன எஞ்சின், அந்த மாதிரி குறுகுன லைன்ல ஸ்டீம் எஞ்சின் போன ஸ்பீடுலயே அதுதான் ரெக்கார்டு. நீ அதுக்கு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு "பெரிய எஞ்சின்ப்பா"னு மட்டும் எழுதியிருந்தே, போவட்டும். சி62 அழகுதான், ஆனா அது சக்கரக் கணக்குல 4-6-4, எக்ஸ்பிரஸ் வண்டி. டி51 கூட்ஸ் எஞ்சின், 2-8-2, முன்னாடி ரெண்டு சின்ன சக்கரம், நடுவுல எட்டு பெரிய சக்கரம், பின்னாடி ரெண்டு. நம்ம ஊர் கூட்ஸ் எஞ்சின் டபிள்யூஜியும் அதே 2-8-2தான். சித்தரஞ்சன் எஞ்சின் ஃபேக்டரில 1950ல மொத மொதல்ல செஞ்சு வெளிய விட்டதே டபிள்யூஜிதான், தேஷ்பந்துன்னு பேர் வெச்சாங்க. உன் தாத்தா பேசின் பிரிட்ஜ் ஷெட்ல கரி அள்ளிப் போட்டது அந்த எஞ்சின்லதான். பித்தளைல டபிள்யூஜி கெடைக்கிறது குதிரைக்கொம்பு, அதனால ஒண்ணு விட்ட தம்பி மாதிரி டி51. ஜப்பான்ல அது 1,115 எஞ்சின் செஞ்சாங்க, அதனால மாடலும் நெறைய, பழைய கடைங்கள்ல கெடைக்கும்.

ஒரு விஷயம் சிரிப்பா இருக்கும். ஜப்பான் மாடல் 80ல ஒரு பங்கு, ஆனா தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். நெஜ லைன் 1067 மில்லிமீட்டர், கணக்கு போட்டா 13 சொச்சம்தான் வரணும். அதாவது எஞ்சின் சரியா இருக்கு, காலு மட்டும் அகட்டி வெச்சிருக்கு. அமெரிக்காகாரன் மாடல்ல இந்தக் கொறை கெடையாது, அது 87ல ஒரு பங்கு, 16.5க்கு கச்சிதமா உக்காரும். நம்ம பிராட்கேஜை அதே கணக்குல சுருக்கினா 19க்கு மேல போயிடும். எனக்கு இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல, எல்லாம் தண்டவாளம் அடிச்ச ஒரே போர்டுல ஓடணும், அவ்ளோதான்.

மாடியில இருக்குற அமெரிக்க சான்டா ஃபே ரயில்வே மாடல் 2-8-0 கூட ஜப்பான்ல செஞ்சதுதான், தெரியுமா. ரெண்டாம் உலகச் சண்டைக்கு அப்புறம் ஜப்பான்ல சின்னச் சின்ன பட்டறைங்கள்ல பித்தளைத் தகட்டை வெட்டி சாலிடர் பண்ணி அமெரிக்காவுக்கு அனுப்புனாங்க, பசிபிக் ஃபாஸ்ட் மெயில்னு ஒரு கம்பெனி வாங்கி வித்துது, யுனைட்டெட், டென்ஷோடோ எல்லாம் அவனுக்கு செஞ்சு குடுத்தவங்க. அப்புறம் கூலியும் யென்னும் ஏற ஏற வேலை கொரியாவுக்குப் போயிடுச்சு. நம்மளுது ராயபுரத்து கப்பல்காரர் ஒருத்தர் வாங்கிட்டு வந்து, அவர் வீட்ல பரண்ல கெடந்து, என் கைக்கு வந்தது. டென்ஷோடோ கடை டோக்கியோ கின்ஸாவுல இருக்கு, வாட்சும் விக்கிறான் எஞ்சினும் விக்கிறான், அங்க போனா சும்மா பாத்துட்டு வா, வாங்காதே, வெல தாங்காது.

இப்ப கடையில இன்னா பாக்கணும்னு சொல்றேன். மொதல்ல, எஞ்சினை தண்டவாளத்துல வெச்சு கையால தள்ளாதே. உள்ள வார்ம் கியர், மோட்டார்தான் சக்கரத்த சுத்தும், சக்கரம் மோட்டார சுத்தாது, தள்ளுனா பல்லு போயிடும். தள்ளிப் பாக்குற ஆள் யாராவது பக்கத்துல நின்னா அந்த எஞ்சினை வாங்கவே வாங்காதே. ஓட விட்டுக் காட்டச் சொல்லு, மரியாதையா கேட்டா காட்டுவாங்க. வேகமா ஓட்டிக் காட்டுனா மயங்காதே, எந்த எஞ்சினும் வேகமா ஓடும். மெதுவா, சக்கரத்து ஸ்போக்க எண்ணுற அளவுக்கு மெதுவா ஓட்டச் சொல்லு. அப்ப ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே எடத்துல நொண்டுனா க்வார்ட்டரிங் போச்சுன்னு அர்த்தம். இத நல்லா புரிஞ்சிக்கோ. சக்கரத்துல ராடு மாட்டுற முளைதான் க்ராங்க் பின், வலது பக்க க்ராங்க் பின்னும் இடது பக்க க்ராங்க் பின்னும் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி தள்ளி இருக்கணும், நெஜ எஞ்சின்ல ஒரு பக்கம் பிஸ்டன் கோடில போய் செத்து நின்னா அடுத்த பக்கம் நடுவுல இருந்து தள்ளிவிடும், அதுக்குத்தான். மாடல்ல பிஸ்டனுக்கு வேலை இல்ல, ஆனா மோட்டார் பெரும்பாலும் ஒரு ஆக்சிலத்தான் சுத்தும், மத்ததெல்லாம் சக்கரங்கள சேத்துக் கட்டுற சைடு ராடு இழுத்துட்டுப் போவுது, அதுல ஒரு சக்கரம் துளி தப்பி உக்காந்தாலும் ராடு புடிக்கும். ஒர்க்ஸ்ல இதுக்குன்னே மெஷின் இருந்துச்சு. வீட்ல அத சரி பண்றது பேஜாரு, அதனால நொண்டுற எஞ்சின் வேணாம்.

சத்தம் வந்தா பயப்படாதே. கரகரன்னு காப்பி மெஷின் கணக்கா கத்தும், பாதி எஞ்சினுக்கு காரணம் மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல இருக்குற ரப்பர் ட்யூப் கல்லா எறுகிப் போனதுதான். நான் சைக்கிள் வால்வு ட்யூப் ஒரு துண்டு வெட்டிப் போட்டுடுவேன், அடங்கிடும். பழைய க்ரீஸ் கோந்து மாதிரி ஆகியிருக்கும், அதையும் கழுவிடலாம். மோட்டாரே வீக்கா இருந்தாலும் பரவாயில்ல, பழைய மோட்டாருங்க காந்தம் கொறைஞ்சா கரண்ட்ட குடிக்கும், சூடாகும், ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ப்ரிண்டர்ல கழட்டுன 12 வோல்ட் மோட்டார் அளவு பாத்து எடுத்து மாட்டிக்குவேன். ஆனா சாலிடர் விட்டுப் போன பாடி, காணாம போன சின்ன சின்ன பைப்பு, பம்பு, அதெல்லாம் பாத்துக்கோ, அது கெடைக்காது. ஸ்க்ரூ தலை எல்லாம் கடிச்சு வெச்ச மாதிரி இருந்தா எவனோ தெரியாதவன் கழட்டியிருக்கான்.

ஓடும்போது நின்னு நின்னு போனாலோ, டக்குன்னு ஷார்ட் ஆனாலோ உடனே வேணாம்னு சொல்லிடாதே. இந்த பித்தளை எஞ்சின்ல பெரும்பாலும் எஞ்சின் ஒரு தண்டவாளத்துல இருந்து கரண்ட் எடுக்கும், பின்னாடி கரி, தண்ணி ஏத்துற டெண்டர் பெட்டி அடுத்ததுல இருந்து எடுக்கும், நடுவுல ரெண்டையும் இணைக்கிற ட்ராபார் கம்பிதான் பாலம். ஒடம்பு முழுக்க பித்தளை, முழுசும் லைவு. வளைவுல எஞ்சினும் டெண்டரும் லேசா ஒரசுனா ஷார்ட், ப்ரேக் ஷூ சக்கரத்துல பட்டா ஷார்ட். ஒரு துண்டு டேப்பு, கொஞ்சம் வளைச்சு விடுறது, முடிஞ்சுது. கடைக்காரர் இதுக்காக வெல கொறைச்சா கம்முனு வாங்கிட்டு வந்துடு.

முப்பதாயிரம் யென்னுக்கு மேல போகாதே, சொல்லிட்டேன். மாப்ளகிட்டயும் சொல்லு, மாமனாருக்குன்னு கௌரவம் பாக்க வேணாம்னு. கண்ட்ரோலர் சேத்துத் தரேன்னு சொன்னா அது மட்டும் வேணாம், அங்க 100 வோல்ட்டு, இங்க சொருகுனா புகைதான். எங்கிட்ட நானே கட்டுன சப்ளை இருக்கு.

டப்பாவுல பழைய ஸ்பாஞ்சு இருந்தா தூக்கிப் போட்டுடு. பித்தளைக்கு அதுதான் எமன், வருஷம் போனா மாவா உதிர்ந்து பிசுபிசுன்னு ஒட்டிக்கும், பெயிண்ட்டையே தின்னுடும். பழைய காட்டன் துணி சுத்தி கைப்பையில வெச்சு எடுத்துட்டு வா, பெரிய பெட்டில போடாதே. ஏர்போர்ட்ல தொறந்து காட்டச் சொன்னா நீயே தொறந்து காட்டு, அவங்க கண்ட எடத்துல புடிச்சு தூக்குவாங்க, ராடு கிட்ட கை படக் கூடாது.

பெயிண்ட் அடிச்சது வேணும்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. நம்ம பெரம்பூர்ல ஈரக் காத்தும் மணலி காத்தும் சேந்து வெறும் பித்தளைய சீக்கிரம் கருக்க வெச்சிடுது, மேல அடிச்ச லாக்கர் வார்னிஷ் எங்க கீறியிருக்கோ அங்க மொதல்ல. உங்கம்மா வெளக்கு தேய்க்கிறப்ப அதையும் குடு, புளி போட்டு தேய்ச்சு தரேன்னா, நான் எஞ்சினைத் தூக்கிட்டு மாடிக்கே ஓடிட்டேன். புளி சாலிடர் சந்துல எறங்கினா அவ்ளோதான். இப்ப ஷூ டப்பாவுல வர்ற ஜெல் பாக்கெட்டெல்லாம் சேத்து வெச்சிருக்கேன், நீயும் அங்க தூக்கிப் போடாம வெய்யி.

ஆ, மறந்துட்டேன். குட்டிப் பய ஓட்டட்டும், அவன் தொடுவான்னு நீ இப்பவே கவலைப்படாதே. லோகோ ஒர்க்ஸ்ல 1855ல லீட்ஸ்ல செஞ்ச ஈஐஆர் 21ங்கிற பழைய ஸ்டீம் எஞ்சினை 2010ல மறுபடி ஓட வெச்சாங்க, அதுல கை வெச்சவங்க எல்லாருமே மொதல்ல எதையாவது தொட்டுத்தான் கத்துக்கிட்டவங்க. போர்டுல வளைவு 24 இன்ச் ரேடியஸ், டி51 தாராளமா திரும்பும், நான் கணக்கு போட்டுட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி வீடியோ கால் பண்ணு, மெதுவா ஓட்டச் சொல்லி சத்தத்தை எனக்கு கேக்க வை. ராத்திரி ஆனாலும் பரவால்ல. டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு, உங்கம்மா காசிமேட்டுல வஞ்சிரம் சொல்லி வெக்கணுமாம், எங்கிட்ட நச்சரிக்கிறா.

அப்பா