உன் மகன் வாசிக்கும் கெட்டவன்

மல்லாவி
மாசி மாதம்

மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாள். வயல் வெட்டு முடியட்டும் என்று பதிலைத் தள்ளிப் போட்டேன். வெட்டு மெசினுக்குக் காவல் இருந்தே பாதி உயிர் போய்விட்டது. நெல் காய்ந்து மூட்டை கட்டியாயிற்று, விலையைப் பற்றிக் கேட்காதே. குரங்குகள் தென்னையில் குரும்பட்டியைக்கூட விடுவதில்லை. அம்மா விடியவே தடியோடு வளவுக்குள் இறங்கிவிடுகிறா. மற்றும்படி எல்லோரும் சுகம்.

சரி, உன் முறைப்பாட்டுக்கு வருகிறேன். மகன் ‘டெத் நோட்’ என்ற ஜப்பானியக் கொமிக்ஸ் வாசிக்கிறான், நீயும் எடுத்துப் பார்த்திருக்கிறாய், கதாநாயகனே கொலைகாரன் என்றதும் இரண்டாவது புத்தகத்தோடு மூடி வைத்துவிட்டாய். “இப்படி ஒருத்தனுக்குப் பின்னால் பன்னிரண்டு புத்தகம் போறதில் என்ன சந்தோசம்?” என்று கேட்டிருக்கிறாய். கேட்பது நீயா என்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பழைய கொமிக்ஸ் ஸ்பைடரைக் கள்ளன் என்று சொன்னதற்காக என்னோடு கிழமைக்கணக்காகக் கதைக்காமல் திரிந்தவன் நீ.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் மண்ணெண்ணெய் பட்ட பாடு உனக்குத் தெரியும். பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத் திரியும் போட்டு எரித்த விளக்கில், பாடப் புத்தகத்துக்கே காணாத வெளிச்சத்தில், அட்டை கழன்ற லயன் காமிக்ஸை இரண்டு பேரும் தலை முட்ட வாசித்தோம். எத்தனை கை மாறி வந்ததோ, கடைசித் தாள்கள் இருக்காது. முடிவை நீதான் சொல்லுவாய். உன் முடிவுகளில் கூர்மண்டையன் ஸ்பைடர் ஒருநாளும் பிடிபட்டதில்லை.

அவன் யார்? 1965-இல் இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழில் வந்து இறங்கியபோது அவனுடைய ஆசை கள்வர்களுக்கெல்லாம் ராசாவாவது. பெல்ஹாம் என்ற விஞ்ஞானியையும் பெட்டகம் உடைக்கிற ஓர்டினியையும் சேர்த்துக்கொண்டான், அவர்களையும் மதித்ததில்லை. பிறகு சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் அவனுக்குக் கதை எழுத வந்தார். ஸ்பைடர் கள்வர்களுக்கு எதிராகத் திரும்பினான், திமிர் மட்டும் குறையவில்லை. இரும்புக்கை மாயாவியையும் யோசித்துப் பார். 1962-இல் வந்த முதல் கதையில் லூயிஸ் கிராண்டெல் மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்ததும் செய்த வேலை களவு. நிழற்படை என்ற உளவுப்படையில் சேர்ந்து நல்ல பிள்ளையானது பிறகுதான். அதே 1962-இல் இத்தாலியில் கியுசானி சகோதரிகள் டயபாலிக்கைக் கொண்டுவந்தார்கள். கள்ளன், தேவைப்பட்டால் கொலையும் செய்வான், துரத்துகிற இன்ஸ்பெக்டர் ஜின்கோ திரும்பத் திரும்பக் கோட்டை விடுவார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தன் பிறப்பது கஷ்டம். குற்றவாளி மேல் வாசிக்கிறவனுக்கு இரக்கம் வரும்படி கதை சொல்லக்கூடாது என்று 1954-இலேயே அங்கே பதிப்பாளர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். உன்னைப் போன்ற தகப்பன்மார் போட்ட சத்தம்தான் காரணம்!

எங்கள் ஆச்சிமாருக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. காத்தவராயன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தார்களே, அவன் என்ன உத்தமனா? தாய் சொல் கேளாதவன், வேசம் மாறி ஏமாற்றுகிறவன், ஆரியமாலை மேல் வைத்த ஆசைக்காக ஊரையே புரட்டி எடுக்கிறவன். அவன் கழுவேறும் கட்டத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்த அதே ஆச்சி, சொந்தப் பேரன் ஒரு பெட்டைக்குக் கடிதம் கொடுத்தான் என்று கேள்விப்பட்டால் விடிந்ததும் தும்புத்தடியைத்தான் எடுப்பா. கூத்து கூத்தாக இருந்தது, வீடு வீடாக இருந்தது.

ஆனபடியால் கெட்டவனை ரசிக்கலாமா என்ற கேள்வி எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. கெட்டவனை ரசிப்பது சுலபம். பிடிக்காத ஒருத்தனோடு கடைசித் தாள் வரை இருப்பதுதான் கஷ்டம். நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறாய். ஸ்பைடர் கெட்டவன், ஆனால் ஆளைப் பிடிக்கும். அவன் கொள்ளையடித்தது நியூயோர்க்கில், உன் வீட்டு உண்டியலை இல்லை.

டெத் நோட்டில் நீ எங்கே மூடினாய் என்று எனக்குத் தெரியும். மருமகனின் போனில் நானும் முழுவதையும் வாசித்தேன், கண்தான் போய்விட்டது. அந்த நயோமி மிசோரா வருகிற இடம், சரியா? காதலனைக் கொன்றவனைத் தேடி ஒரு கெட்டிக்காரி வருகிறாள். கதாநாயகன் லைட் யாகமி கூடவே நடந்து கதை கொடுக்கிறான். அவனிடம் ஒரு கொப்பி இருக்கிறது, உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதில் எழுதி ஆளைக் கொல்லலாம். அவள் முதலில் சொன்னது பொய்ப் பெயர். பக்கம் பக்கமாக அவன் தவிக்கிறான், வாசிக்கிற நாமும் அவனோடு சேர்ந்து, பெயர் கிடைக்குமா கிடைக்காதா என்று தவிக்கிறோம். கடைசியில் அவளே அடையாள அட்டையைக் காட்டுகிறாள். ஏன் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்க்கிறாய் என்று கேட்கிறாள். நான்தான் கிரா, நீ தேடுகிற கொலைகாரன், என்கிறான். அவள் முகம் செத்துப்போகிறது, திரும்பி நடக்கிறாள். அந்த இடத்தில் உனக்கு அருவருத்தது லைட்டை நினைத்து மட்டும் இல்லை. அதற்கு முந்தின பக்கம் வரைக்கும் பெயர் கிடைக்க வேண்டும் என்று நீயும்தானே இருந்தாய்? புத்தகம் உன்னைக் கையோடு பிடித்துவிட்டது, நீ மூடி வைத்துவிட்டாய். எனக்கோ, அந்த இடத்துக்காகவே அதை எழுதிய ஓபாவையும் வரைந்த ஒபாட்டாவையும் கும்பிடலாம் போலிருந்தது.

இன்னொன்றையும் கவனி. நாவலில் இப்படி ஒருத்தன் தன் கதையைத் தானே சொன்னால், அவன் நாக்கை நம்பியே போக வேண்டும். கொமிக்ஸில் அவன் முகம் எங்கள் முன்னால் கிடக்கிறது. ஆக்களுக்கு நடுவில் வகுப்பில் முதலாம் பிள்ளையின் முகம், தனியே வந்தால் கண் ஒடுங்கி நிழல் விழுந்து வேறொரு முகம். நீதி செய்கிறேன் என்று எழுத்து சொல்லும், நம்பாதே என்று பக்கத்திலேயே படம் சொல்லும். முடிவைச் சொல்லப் போகிறேன், கோபிக்காதே: கடைசியில் கடவுளாக நினைத்துக்கொண்டவன் நிலத்தில் கிடந்து, சாக விருப்பமில்லை என்று கெஞ்சுகிறான். அந்த வடிவான பெடியனை அவ்வளவு அவலட்சணமாக வரைய ஒரு துணிவு வேண்டும்.

இப்போது மற்ற வகைக்கு வருகிறேன். நீயே முந்தி அனுப்பிய ‘மவுஸ்’ என்ற படக்கதை. 1992-இல் புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம் என்று முதல் தாளில் எழுதியும் விட்டிருந்தாய். அதில் வருகிற கிழவன் விளாடெக் கெட்டவன் இல்லை. நாஜிகளின் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவன். ஆனால் மச்சான், அந்தக் கிழவனோடு ஒரு பின்னேரம் இருக்கேலாது! தின்று மிச்சமான உணவுப் பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய் வேறு சாமான் கேட்கிறார். வாடகைக்குள் எரிவாயுவும் அடக்கம் என்று, தீக்குச்சி மிச்சம் பிடிக்க அடுப்பை அணைக்காமலே விடுகிறார். கறுப்பின இளைஞன் ஒருவனை மருமகள் காரில் ஏற்றியதற்குப் பொருமுகிறார், தனக்கு நடந்ததிலிருந்து ஒன்றும் படிக்காதவர் போல. செத்துப்போன மனைவியின் குறிப்புப் புத்தகங்களை எரித்துவிட்டேன் என்று சொல்ல, மகன் அவரைக் கொலைகாரன் என்கிறான். அந்த மகன்தான் இதை வரைந்தவர், ஆர்ட் ஸ்பீகல்மன். யூதர்களைக் கஞ்சர்களாக இழிவாக வரைவார்களே, அப்படியே என் அப்பா இருக்கிறாரே என்று புத்தகத்துக்குள்ளேயே கவலைப்படுகிறார். மறைக்கவில்லை.

அதை நான் பல தடவை மூடி மூடித்தான் முடித்தேன். ஏனென்றால் அந்த ஆள் புதுக்குடியிருப்பில் இருக்கிறார். பெரியப்பாவை உனக்குத் தெரியும்தானே. முகாமில் தந்த தறப்பாளை மடித்து இன்னும் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். வளைந்த ஆணியெல்லாம் தட்டி நிமிர்த்திப் பால்மா ரின்னில் போட்டிருக்கிறார், கேட்டால் ஒன்று தரமாட்டார். வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் பக்கத்து வளவுக்குள் தள்ளி ஊன்றுவார். 2009-இல் கடைசிச் சண்டையில் தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளையும் தோளில் சுமந்து நந்திக்கடல் கடந்தவரும் இவர்தான். அதை அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சோறு போடும் நேரம் பார்த்துச் சொல்லிக் காட்டுவார். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் எல்லாம் எங்களை அழுத முகத்தோடேயே வைத்திருக்கிறார்கள். கதியாலைத் தள்ளிப் போடுகிற பெரியப்பாவை ஆரும் வரைந்ததாக நான் காணவில்லை. வரைந்தால் வாங்குவேன். ரசிப்பேனா என்று கேட்டால், ஸ்பைடரை ரசித்த மாதிரி இல்லை. ஆனால் கீழே வைக்கமாட்டேன்.

உன் பயம் முழுக்க வீண் என்றும் சொல்லவரவில்லை. அமெரிக்கக் கொமிக்ஸில் பனிஷர் என்று ஒருத்தன் இருக்கிறான், 1974-இல் ஸ்பைடர்மேன் கதைக்குள் கொலைகாரனாக வந்தவன். அவனுடைய மண்டையோட்டுச் சின்னத்தைச் சில பொலிஸ்காரர்களே மாட்டிக்கொண்டு திரிய, அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெரி கொன்வே அது பிழை என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டி வந்தது. அலன் மூர் ‘வாட்ச்மென்’ கொமிக்ஸில், முகமூடி போட்டுத் தானே தண்டனை கொடுக்கிற ரோர்ஷாக்கை ஒரு எச்சரிக்கையாகத்தான் படைத்தார், நான்தான் அவன் என்று வாசகர்கள் வந்து நின்றார்கள். துவக்குக்காரனைப் பார்த்து மயங்குவது பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, அது கடிதத்தில் எழுதுகிற கதை இல்லை. நேரில் கதைப்போம்.

உன் மகன் லைட்டின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறானா, இல்லை அவன் எப்போது பிடிபடுவான் என்று விரலைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறானா என்று பார். ஒட்டியிருந்தாலும் புத்தகத்தைப் பறிக்காதே, மிச்சம் பத்தையும் நீயும் வாசி. லைட்டின் தகப்பன் ஒரு நேர்மையான பொலிஸ்காரன். தன் மகன் கொலைகாரன் இல்லை என்று நம்பி நிம்மதியாகச் சாகிறார். அந்த இடத்துக்கு வந்ததும் பெடியனிடம், உனக்கு இப்பவும் லைட்டைப் பிடிக்குதா என்று கேள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுது, நான் ஒரு பதில் நினைத்து வைத்திருக்கிறேன்.

வைகாசியில் வட்டாப்பளைப் பொங்கலுக்கு எல்லோருமாக வருகிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மாற்றிப் பேசாதே. அதற்கு முதல் மவுஸின் இரண்டு பாகத்தையும் பெடியனிடம் கொடு. இங்கே வந்தால் புதுக்குடியிருப்புக்கும் போக வேண்டிவரும், பெரியப்பா அவனைக் கண்டதும் முதல் கேள்வியாக உன் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்.

அன்புடன்,
உன் மச்சான்