அந்த மஞ்சள் சீட்டை நிறுத்துங்கள், பாஸ்டர் ஐயா

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் மூப்பர்மாருக்கும்,

ஸ்தோத்திரம்.

இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். முதல் மடலுக்கு “ஜெபத்தில் வைத்திருக்கிறோம்” என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. அதனால் மூன்றாவதை எல்லாரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். சபையின் பெயரும் உங்கள் பெயரும் இதில் இல்லை. யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் முதல் ஞாயிறு திருவிருந்தில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்கு முன் மூன்று வாரம் யோவானின் முதல் மடலில் 3:9 வசனத்தை வைத்தே பிரசங்கம் செய்தீர்கள். “தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்.” மறுபடியும் பிறந்தவன் பாவம் செய்ய மாட்டான், செய்தால் அவன் பிறக்கவே இல்லை என்று மேஜையைத் தட்டிச் சொன்னீர்கள். நாலாம் வாரம் வாசலில் மஞ்சள் சீட்டு கொடுத்தார்கள். “கடந்த திருவிருந்து முதல் இன்றுவரை அறிந்து ஒரு பாவமும் செய்யாமல் பரிசுத்த ஜீவியம் செய்தேன் என்று கர்த்தருக்கு முன்பாக உறுதி கூறுகிறேன்.” கீழே பெயர், குடும்ப அட்டை எண், கையெழுத்து. கையெழுத்து இல்லாதவருக்கு அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை.

நான் பத்திர எழுத்தர். ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வாங்க மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவள். ஆத்துமாவுக்கும் வில்லங்கச் சான்று உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

என் அம்மா கையெழுத்துப் போடவில்லை. அங்கன்வாடியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டிய அதே குண்டு குண்டு எழுத்தில், சீட்டின் அடியில் இரண்டு வரி எழுதினார். “இவர் மேல் கோபப்பட்டுத் தகாத வார்த்தை சொன்னேன். ஆண்டவர் மன்னித்தார் என்று நம்புகிறேன்.”

‘இவர்’ என்பது என் அப்பா. பக்கவாதம் வந்து படுத்து நாலு வருடம் ஆகிறது. வலது கை, கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வைத்துவிடும். பகலில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை கொடுப்பார். சனி, ஞாயிறு நான் வந்துவிடுவேன். மற்ற ராத்திரியெல்லாம் அம்மா ஒருத்திதான். அம்மாவுக்கு எழுபத்தோரு வயது, அப்பா இன்னும் எழுபது கிலோவுக்குக் குறையவில்லை. புரட்டிப் புரட்டி அம்மாவின் இடது தோள் பழுதாகி, அந்தக் கை இப்போது காதுக்கு மேல் எழும்பாது. தலை பின்னுவதற்குக்கூட அந்த அக்கா வர வேண்டும்.

அந்த மாதம் ஒரு ராத்திரி, மூன்று மணி இருக்கும். துணி மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு, அப்போதுதான் அம்மா கீழே பாயில் தலை சாய்த்திருக்கிறார். மறுபடியும் நாற்றம். எழுந்து பார்த்தால் மாற்றின விரிப்பு முழுக்க. அம்மாவின் வாயில் வந்துவிட்டது: “கர்த்தர் உங்கள இன்னும் எதுக்கு வெச்சிருக்காரோ தெரியல.” அந்தக் கோபத்திலும் ‘உங்கள’ என்றுதான் சொல்லியிருக்கிறார், கவனியுங்கள். அப்பாவுக்குப் பேச்சுதான் இல்லை, காது நன்றாகக் கேட்கும். இடது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததாம். அம்மா துடைத்துவிட்டு, விரிப்பை மாற்றிவிட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தாராம். இதை எனக்குச் சொல்லவே அம்மாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. உங்களுக்குச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். ஏனென்றால் நீங்கள் கேட்டீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் பழக்கம்.

அப்புறம் திருவிருந்துத் தட்டு வந்தது. முட்டிவலிக்காரர்களுக்குப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் அம்மா, பக்கத்தில் கீழே பாயில் நான். மூப்பர் கையில் பட்டியல் இருந்தது. அம்மா வலது கையை நீட்டிவிட்டார். தட்டு அம்மாவைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போனது. “அடுத்த மாசம் ஜெயம் எடுத்துட்டு வாங்கம்மா” என்றார் மூப்பர், குசுகுசுவென்று, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி. நீட்டின கையை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. முக்காட்டைச் சரிசெய்வதுபோல் தலைக்குக் கொண்டுபோனார். முக்காடு சரியாகத்தான் இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சீட்டை நிறுத்துங்கள். அம்மாவுக்குத் திருவிருந்தைக் கொடுங்கள்.

வேதத்தில் இருப்பதைத்தானே செய்தோம் என்பீர்கள். சரி, வேதத்துக்கே வருகிறேன். நீங்கள் மூன்று வாரம் எடுத்த அதே மடலில் ஒரு தாளை முன்னால் திருப்பினால் 1:8 இருக்கிறது. “நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம், சத்தியம் நமக்குள் இராது.” இதை யோவான் புறஜாதியாருக்கு எழுதவில்லை. ‘நமக்கு’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு, விசுவாசிகளுக்கு எழுதுகிறார். 3:9-ஐப் பாவத்திலேயே தொடர்ந்து நடப்பதைப் பற்றியது என்று விளக்குகிறவர்கள் உண்டு, அதை மறுக்கிறவர்களும் உண்டு. கிரேக்க இலக்கணத்துக்குள் நான் போகவில்லை, எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. ஆனால் 2:1-ஐப் படிக்க இலக்கணம் வேண்டாம். நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, அதே மூச்சில், ஒருவன் பாவம் செய்தால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் இருக்கிறார் என்று முடிக்கிறார். பாவம் செய்யவே முடியாதவர்களுக்கு வக்கீல் எதற்கு, ஐயா? ஐந்தாம் அதிகாரத்தில், மரணத்துக்கு ஏதுவல்லாத பாவத்தைச் சகோதரன் செய்யக் கண்டால் அவனுக்காக வேண்டுதல் செய்யச் சொல்கிறார். தட்டைத் தாண்டிக் கொண்டுபோகச் சொல்லவில்லை.

பந்தியைப் பற்றிப் பவுல் சொன்னதும் அப்படித்தான். “தன்னைத்தானே சோதித்தறிந்து” புசிக்கக்கடவன் என்கிறார். தன்னைத்தானே. அதில் மூப்பருக்கும் பட்டியலுக்கும் வேலையில்லை. முதல் திருவிருந்தில் பாத்திரத்தைக் கொடுத்த ஆண்டவர் “நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்” என்றார். விடிவதற்குள் தம்மை மூன்று தடவை மறுதலிக்கப் போகிற சீஷன் பேதுருவும் அந்த ‘எல்லாரிலும்’ இருந்தார். அது ஆண்டவருக்கும் தெரியும். அன்று மஞ்சள் சீட்டு இருந்திருந்தால் பேதுருதான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் சுபாவம் அப்படி.

இது கடைசிக் காலத்துக்கான வெளிப்பாடு என்றும் சொன்னீர்கள். இது ஆயிரத்து அறுநூறு வருடப் பழைய வழக்கு, ஐயா. மனிதன் மனது வைத்தால் பாவமில்லாமல் வாழ முடியும் என்று பெலேகியுஸ் என்ற துறவி போதித்தார், ஆயர் அகஸ்டின் அதை எதிர்த்து எழுதினார். 418-ல் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரில் ஆயர்கள் கூடினார்கள். பரமண்டல ஜெபத்தில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று பரிசுத்தவான்கள் சொல்வது மற்றவர்களுக்காகத்தான், அல்லது வெறும் தாழ்மைக்காகத்தான் என்று அப்போது சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் தவறு, அவர்கள் தங்களுக்காக மெய்யாகவே அப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த ஆயர்கள் தீர்மானம் போட்டார்கள். நாமோ அன்றைக்குச் சீட்டில் மை காயுமுன் எழுந்து நின்று அதே ஜெபத்தைச் சொன்னோம். எந்தக் கடனை மன்னிக்கச் சொன்னோம்? பாக்கி ஒன்றுமில்லை என்று இப்போதுதானே எழுதிக் கொடுத்தோம்?

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை வேறு இழுத்தீர்கள். அவர் கிறிஸ்தவப் பூரணத்தைப் போதித்தார், உண்மைதான். தெரிந்தே கட்டளையை மீறுவதை விட்டுவிட முடியும் என்று நம்பினார். ஆனால் ‘பாவமற்ற பூரணம்’ என்ற சொல்லைத் தான் பயன்படுத்துவதில்லை என்று எழுதி வைத்தவரும் அவரே. மிகப் பூரணமானவனுக்கும் அறியாமையும் தவறும் உண்டு, அவனும் ‘எங்களுக்கு மன்னியும்’ என்றே ஜெபிக்க வேண்டும் என்றார். தான் வரைந்து காட்டிய நிலையைத் தான் இன்னும் எட்டவில்லை என்று 1767-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கே எழுதினார். அதற்குச் சில வருடம் முன் அவருடைய சங்கத்தில் ஜார்ஜ் பெல் என்றொரு முன்னாள் சிப்பாய் இருந்தார். தான் பூரணமடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டவர். 1763 பிப்ரவரி 28-ஆம் தேதி உலகம் முடியும் என்று அறிவித்தார். மார்ச் 1 வந்தது. வெஸ்லியைச் சொல்லும்போது பெல்லையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பரிசுத்தம் வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. அப்பா 1994-ல் குடியை விட்டது இந்தச் சபையின் பாயில் முழங்கால் போட்டுத்தான். அதற்கு முந்தின வருடங்கள் எங்கள் வீட்டில் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியும். மனிதன் மாறுவான், கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் மாறின அப்பா ஒருநாளும் “எனக்குப் பாவமில்லை” என்று சாட்சி சொல்லிக் கேட்டதில்லை. அன்றைக்கு இருந்த பெரிய பாஸ்டர் ஐயாவும் சொன்னதில்லை. திருவிருந்துக்கு முன் அவர்தான் முதலில் முழங்கால் போடுவார். இந்த வாரம் பாஸ்டரம்மாவிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், சந்தாக் கணக்கில் ஒருவரைத் தப்பாகச் சந்தேகப்பட்டேன் என்று சபைக்கு முன்பாகச் சொல்லுவார். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் எடுப்பார். நீங்கள் உட்காருவது அவருடைய நாற்காலி.

சீட்டில் ‘அறிந்து’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றியும் பேசிவிடலாம். வண்டி நிறுத்த பின்பக்கம் பதினொரு சென்ட் வாங்கினோமே, அந்தப் பத்திரத்தை எழுதியவள் நான். அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம், மிச்ச விலை துணிப்பையில் ரொக்கம். ஊர் வழக்கம் என்றார் பொருளாளர். நானும் எழுதினேன், கூலியும் வாங்கினேன். அந்தப் பத்திரத்தில் சபைக்காகக் கையெழுத்திட்ட மூன்று பேரும், அதே மாதம் மஞ்சள் சீட்டிலும் கையெழுத்திட்டார்கள். மூன்று பேருக்கும் தட்டு வந்தது. அது அறிந்து செய்ததா, அறியாமல் செய்ததா?

நம் பாவப் பட்டியலே விசித்திரமானது. பூ வைத்தால் பாவம், சினிமா பார்த்தால் பாவம், வளையல் போட்டால் ஜாடையாக ஒரு பிரசங்கம். பெண் பார்க்கும்போது ‘நம்ம ஆட்களா’ என்று கேட்பது எந்தச் சீட்டிலும் வராது. நூறு பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த கல்யாணத்தை நீங்களே ஆசீர்வதித்து, “கர்த்தர் நிறைவாய் நடத்தினார்” என்றீர்கள். வட்டிக்கு விடுகிறவர் முன்வரிசையில் கைதூக்கித் துதிக்கிறார். இவர்கள் யாருக்கும் வில்லங்கம் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு மலத்துணி அலசின கிழவிக்குத்தான் வில்லங்கம்.

மன்னியுங்கள், வார்த்தை தடித்துவிட்டது. யாரையும் பந்தியிலிருந்து எழுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. அவர்களுக்கும் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த மடலும் அந்தச் சீட்டு மாதிரி ஆகிவிடும். அன்று நான் கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கொடுத்தார்கள், படித்தும் படிக்காமலும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அடுத்தவர்களிடம் ‘படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க’ என்று நாளெல்லாம் சொல்லுகிறவள். அம்மாவைத் தாண்டின தட்டு என்னிடம் வந்தபோது எடுத்துக்கொண்டேன். அம்மா நீட்டின கை இன்னும் முழுதாக இறங்கவில்லை, நான் குடித்துவிட்டேன். ரசம் எப்போதும்போல் இனிப்பாகத்தான் இருந்தது. என் சீட்டைத் தேடி எடுத்துக் கிழித்துவிடுங்கள், அல்லது அம்மா சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

அதற்கு அடுத்த ஞாயிறு, “கறையுள்ள பாத்திரத்தில் யாராவது பால் ஊற்றுவார்களா?” என்று கேட்டீர்கள். நாலைந்து தலைகள் அம்மா பக்கம் திரும்பின. அம்மா தலையை ஆட்டி ஆமோதித்தார். உங்களை எதிர்த்து இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மடலை எழுதுவது தெரிந்தால் என்னைத்தான் திட்டுவார்.

மூப்பர் குழு வரும் சனிக்கிழமை கூடுகிறது என்று அறிகிறேன். தயவுசெய்து இதை எடுத்துப் பேசுங்கள். மஞ்சள் சீட்டை நிறுத்துங்கள். யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும். வந்தால் அப்பாவுக்கும் ஒரு ஜெபம் செய்யுங்கள், அவருக்குக் காது கேட்கும்.

வருகிற முதல் ஞாயிறு அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா மட்டும் ஆராதனைக்கு வருவார். அதே நாற்காலிதான். ஒரு கையால் வாங்கக் கூடாது என்று இப்போது வீட்டில் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். இடது தோள் எழும்பாது. மூப்பரிடம் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபையின் மகள்