கவிழ்த்து வைத்த போன்

அன்பு மகளுக்கு,

நீ கிளம்பிப் போய் இரண்டு வாரம் ஆகிறது. அன்றைக்குச் சாப்பிடும்போது நீ போனைப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திரை முழுக்க, பங்கு விலை இறங்கியதைக் காட்டும் சிவப்பு எண்கள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் கவிழ்த்து வைத்துவிட்டு "ஒண்ணுமில்லம்மா" என்றாய்.

சேமிப்பு, முதலீடு என்று உன் வயதுப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் பேசிக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்களுக்கு அது வாய்விட்டுக் கேட்கக் கூடாத விஷயம். இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். ஒரே கம்பெனியை நம்பாமல், குறியீடு என்கிற சந்தைப் பட்டியலில் இருக்கும் எல்லாக் கம்பெனியிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவது. 1976-இல் அமெரிக்காவில் ஜான் போகிள் என்பவர் அதைச் சாதாரண ஜனங்களுக்குக் கொண்டுவந்தபோது முட்டாள்தனம் என்று கேலி செய்தார்களாம். நீயோ முதல் சம்பளத்திலேயே அதில் போட ஆரம்பித்தாய். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

நாங்கள் ஒரு பங்கு வாங்க வேண்டுமென்றால் தரகருக்குச் சொல்லி, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, சான்றிதழ் தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். விற்பதற்கும் அதே அலைச்சல். அலுத்துப் போய்ப் பாதி நேரம் அப்படியே விட்டுவிடுவோம். பல தடவை அந்த அலுப்புதான் எங்களைக் காப்பாற்றியது. இப்போது விரலால் தொட்டால் முடிந்தது. 2019 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய தரகு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பங்கு வாங்க விற்கக் கேட்ட கமிஷனையே ரத்து செய்துவிட்டன. அங்கே ஒரு பங்கில் சின்னத் துண்டுகூட வாங்கலாம். கையில் கொஞ்சமே இருப்பவர்களுக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வீடியோ கேம் விற்கும் கேம்ஸ்டாப் கம்பெனியின் பங்கை நினைத்துப் பார். 2021 ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்தது, மாதக் கடைசியில் 483 வரை போனது. அடுத்த ஒரு வாரத்தில் 60-க்கும் கீழே. உச்சத்தில் வாங்கிய பிள்ளைகள் அன்று ராத்திரி யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ பிறப்பதற்கு முன்னால், தெரிந்தவர் பேச்சைக் கேட்டு ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். சான்றிதழை நான்காக மடித்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். உன் அப்பாவுக்குக்கூடப் பல வருஷம் தெரியாது. பணம் போனதைவிட, ஒவ்வொரு முறை பீரோவைத் திறக்கும்போதும் நெஞ்சு திக்கென்றதுதான் பெரிய கஷ்டம்.

நீ போட்டது உன் சேமிப்பு என்றால் சரி, போனால் போகட்டும், மறுபடி சேர்க்கலாம். கடன் வாங்கிப் போட்டாயோ என்றுதான் எனக்குப் பயம். பாதி போய்விட்டால், மிச்சமிருப்பது இரண்டு மடங்கானால்தான் பழைய கணக்குக்கு வரும். கடனுக்கு வட்டி அதுவரை நிற்காது, கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. எவ்வளவு போனது என்று சொல், திட்ட மாட்டேன். அந்தச் சான்றிதழை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். நான் எவ்வளவு விட்டேன் என்று முதலில் உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா