பெரியவர்களைப் பெரியவர்களாகவே மதிப்பிடுங்கள்

மாற்றுத்திறனாளி சான்று வழங்கும் மருத்துவக் குழுவினருக்கும், அவர்களுக்கு நெறிமுறை வகுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வயது தாண்டிய ஒருத்தி அந்தச் சான்றுக்காகத் தனியாக வந்து நின்றால் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன வாரம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரும் வரலையா?" சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று அம்மாதான் சொல்ல வேண்டுமாம். அம்மா இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்புறம், "நல்லாத்தானே பேசுறீங்க, டிகிரி முடிச்சிருக்கீங்க, வேலைக்கும் போறீங்க, உங்களுக்கு எதுக்கும்மா இது?" நன்றாகப் பேசினேன், உண்மைதான், ஏனென்றால் முந்தின இரவே எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், வராந்தாவில் டோக்கன் எண்ணைக் கத்திக் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவில் அதை மறந்துவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மறுநாள் மதியம் வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதைக் கேட்க உங்கள் படிவத்தில் இடம் இல்லை. ஆட்டிசத்தை அளக்க நீங்கள் பயன்படுத்தும் ஐசா (ISAA) அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70ஐத் தொடாவிட்டால் ஆட்டிசமே இல்லை. பல வருடமாகத் தங்கள் சிரமங்களை மறைத்துப் பழகியவர்கள் அதில் எப்படித் தெரிவார்கள்?

தயவுசெய்து பெரியவர்களைப் பெரியவர்களாகவே மதிப்பிடுங்கள். நாங்கள் சொல்வதையும் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் நான் கேட்டது பெரிய சலுகை இல்லை. போன் ஓயாமல் அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி ஒரு நாற்காலி, வாய்மொழியாகச் சொல்லும் வேலையை ஒரு மெயிலிலும் போடுவது, அவ்வளவுதான். "கார்டு இருக்கா?" என்றார்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத்தான். அரசு வேலையில் இருப்பவர்களுக்காவது நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்று சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது, தனியார் வேலையில் இருக்கும் நான் அந்த அட்டை இல்லாமல் பேச்சையே தொடங்க முடியாது. அரசு வேலைக்குப் போகலாமே என்பீர்கள். 4 சதவீத இடஒதுக்கீட்டில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்தே 1 சதவீதம்தான், அதற்கும் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்ற சான்று வேண்டும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) உள்ளவர்களுக்கோ அந்த 21 வகைகளில் தனி இடமே கிடையாது. படித்துவிட்டு, ஒவ்வொரு வேலையாக விட்டுவிட்டு, "சோம்பேறி" என்ற பேரோடு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யாராவது விசாரித்திருக்கிறீர்களா?

கோபமாக எழுதிவிட்டேன், ஆனால் கேட்பது மரியாதையோடுதான். பெற்றோர் இல்லை என்பதற்காக எந்த விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். வயது வந்தவர்களின் ஆட்டிசத்தை அறிந்த ஒரு உளவியலாளரைக் குழுவில் சேருங்கள். சான்றோடு, வேலையிடத்தில் என்னென்ன வசதி தேவை என்று ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். அடுத்த முறையும் நான் தனியாகத்தான் வருவேன், தயவுசெய்து என்னிடமே கேளுங்கள்.