வராதவனைத் தேடிப் போங்கள்

கோத்தகிரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊர்க் கபடி டீமில் அந்தப் பிள்ளை தற்கொலையால் போய்விட்ட சேதியைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஆறாம் வகுப்பில் அவனைக் கோட்டுக்குள் இறக்கிவிட்டவளே நீதான் என்று எழுதியிருந்தாய். உனக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை முதலில் எழுது. எல்லோரையும் பார்த்துக்கொள்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை என்பது நம் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே மழை விட்டபாடில்லை. நாலு மணிக்கே மைதானத்தில் மேகம் இறங்கிவிடுகிறது, எதிர் கோல் போஸ்ட் தெரிவதில்லை. அஞ்சரைக்குள் பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், வழியில் காட்டெருமையும் கரடியும் நிற்கின்றன. ரிட்டயர் ஆன பிறகும் சாயங்காலம் விசிலோடு போய் நிற்பதை விட முடியவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவன் பெயரில் நினைவுக் கோப்பை நடத்தி, பஸ் ஸ்டாண்டில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று பையன்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். அவர்களுடைய பாசத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே ஊரில், ஏற்கெனவே மனசு உடைந்துபோன இன்னொரு பதினேழு வயதுப் பையன் இருப்பான். மாலை போட்ட அந்தப் படத்தையும், அதன் முன்னால் கூடி நிற்கும் ஊரையும் அவன் பார்ப்பான். உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதை போன பிறகு கிடைக்கிறதே என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது. இப்படிப்பட்ட சாவைப் பெரிதாக்கி, அழகாக்கிக் காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைகளுக்குச் சொல்லியிருக்கிறது. நம் ஃப்ளெக்ஸுக்கும் அது பொருந்தும். எப்படிப் போனான் என்ற விவரத்தையும் பையன்கள் மைதானத்தில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

அந்தக் காசும் வேகமும் வேறு பக்கம் போகட்டும். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மூன்றாம் மாதம் அந்த அம்மாவைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். உன் டீம் அப்போது போகட்டும். அவனோடு சேர்ந்து ரெய்டு போனவன், ஒரே பைக்கில் சுற்றியவன், கடைசியாக போனில் பேசியவன், இவர்களைத்தான் இப்போது கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சாவுக்குப் பிறகு ஆபத்து அதிகம் இருப்பது பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான். 'நான் அன்றைக்கு போனை எடுத்திருந்தால்' என்று ஒருவன் தனக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருப்பான். அவனைத் தனியாக விடாதே.

அப்புறம் எங்கள் ஃபுட்பால் கிளப் என்ன செய்கிறது என்று கேட்டாய். பெரிதாக எதுவும் இல்லையடி. ஒரு வருகை நோட்டு. அவ்வளவுதான். அடுத்தடுத்து இரண்டு பிராக்டிஸுக்கு ஒருவன் வரவில்லை என்றால், யாராவது ஒருவர் அவன் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் 'எங்கடா' என்று போட்டால் கணக்கில் வராது. போவதும் கோச் இல்லை, அவனோடு ஆடுகிற பையன். 'ஏன் வரலை' என்று அதட்டவும் கூடாது.

ஒன்று சொல்கிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் லெஃப்ட் பேக். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிவிடுவான் என்று ஊரே நம்பியது. முட்டியில் லிகமென்ட் கிழிந்தது, ஆட்டம் போச்சு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான், நிலைக்கவில்லை. வீட்டில் பசுந்தேயிலை விலை கைக்கும் வாய்க்கும் எட்டாத நேரம், இவனோ போன் ஆப்பில் கடன் வாங்கி வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தவன், தன் ஸ்டட் ஷூவைக் கழற்றி ஒரு சின்னப் பையனிடம் கொடுத்துவிட்டு, 'எனக்கு இனிமே எதுக்குடா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சின்னவனுக்கு ஒரே குஷி. ஷூ பெரிது, முன்னால் பேப்பர் சுருட்டி அடைத்துக்கொண்டு ஓடினான். கோல் கீப்பருக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அந்த ஷூவுக்காக அவன் எத்தனை மாதம் காசு சேர்த்தான் என்பது இவனுக்குத் தெரியும்.

அன்று இருட்டுவதற்குள் கீப்பரும் கேப்டனும் தேயிலைக் காட்டுக்குள் குறுக்கே நடந்து அவன் வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை. பிறகு கீப்பர் நேராகவே கேட்டிருக்கிறான்: 'சாகணும்னு தோணுதாடா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். அது உண்மை இல்லை, ஆராய்ச்சிகளும் அதைத்தான் சொல்கின்றன. கேட்டால் பாரம்தான் இறங்குகிறது. அவன் அழுதான், ஆமாம் என்றான். இவர்கள் 'அம்மாவை நினைச்சுப் பார்த்தியா' என்று புத்தி சொல்லவில்லை. ஒருவன் அங்கேயே படுத்துக்கொண்டான், இன்னொருவன் வாசலில் நின்று 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடித்தான். காலையில் அவன் அம்மாவும் நானும் அவனை ஊட்டி அரசு மருத்துவமனைக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை, கவுன்சிலிங் என்று பல மாதம் ஆனது. கடன் விஷயத்துக்கு கிளப் பொருளாளர் அவனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிக் கணக்குப் பார்த்தார், எனக்கு அதுவும் வைத்தியமாகத்தான் பட்டது. இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு வார்ம்-அப் எடுக்கிறான், மேட்ச் நாளில் லைன்ஸ்மேன். சில வாரம் வரமாட்டான். அப்போது யாராவது போவார்கள்.

அடிபட்டவனைக் கிளப் விட்டுவிடக் கூடாது என்று நான் சண்டை போடுவது இதனால்தான். ஆட முடியாதவனுக்கு ஸ்கோர் எழுதவோ, பந்துக்குக் காற்றடிக்கவோ ஏதாவது ஒரு வேலை கொடு. செலக்‌ஷனில் விடுபட்டவனுக்கும் அப்படித்தான்.

ஆண்பிள்ளைகளிடம் இதை ஏன் இப்படி வலிந்து செய்ய வேண்டும் என்று உன் தலைமை ஆசிரியை கேட்டாராம். 2022-இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நம் மாநிலத்தில் மட்டும் 19,834. நாட்டுக் கணக்கில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். டாக்டரிடம் போகச் சொன்னால் போகாதவன் ஆட்டத்துக்கு வருவான். இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் லூக் ஆம்ப்ளர் என்ற ரக்பி ஆட்டக்காரர், தன் மைத்துனரை இப்படி இழந்த பிறகு 2016-இல் ஆண்களுக்கென்றே ஒரு குழு ஆரம்பித்தார். திங்கள்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடுவார்கள், டீ குடிப்பார்கள், பேசுவார்கள். இன்று பிரிட்டனில் பல ஊர்களில் அது நடக்கிறது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனசு சோர்ந்து வருகிறவர்களோடு பேச சுகாதார நிலைய வாசலில் பெஞ்சில் உட்காரவைத்தார். அதனால் மனச்சோர்வு குறைகிறது என்று 2016-இல் ஆய்வும் வந்தது. எனக்கு இந்தப் பாட்டிகளை ரொம்பப் பிடிக்கும். ஹட்டி என்று நாங்கள் சொல்கிற எங்கள் மலை ஊர்களில் வெயில் காய உட்காரும் பாட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அதே நினைப்புதான்.

பெண்களை விட்டுவிடாதே. மகளிர் குழுவில் ஒருத்தி வாரக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் முதலில் என்ன கேட்கிறார்கள்? தவணை எங்கே என்று. இங்கே இரண்டு குழுத் தலைவிகளிடம் சொல்லி அதை மாற்றியிருக்கிறோம். முதலில் ஆள் எப்படி இருக்கிறாள், காசு அப்புறம்.

பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு, அவர்கள் டாக்டர் இல்லை. கேட்பது, கூட இருப்பது, சரியான இடத்தில் கொண்டுபோய் விடுவது, இந்த மூன்றோடு நிற்க வேண்டும். 'யாரிடமும் சொல்லாதே' என்று சத்தியம் வாங்கினாலும், உயிர் விஷயத்தில் அதைக் காப்பாற்றக் கூடாது. கேட்டவனுக்கும் ராத்திரி தூக்கம் வராது, அவன் மனசை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் எண், நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று நடக்கிறது, இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பையும் எழுதிவை. அங்கே கேட்பவர்கள் தொண்டர்கள்தான், நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்.

டாக்டர் லட்சுமியின் குழு காட்டுமன்னார்கோவில் பக்கக் கிராமங்களில் செய்த ஒன்று எங்களுக்கும் உதவியது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்கவைத்தார்கள். அந்த மோசமான வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும். இங்கே கேரட் போடும் சில குடும்பங்கள் இப்போது தோட்டத்து ஷெட்டில் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கிறார்கள். உங்கள் பக்கம் பருத்தி, மிளகாய் என்று மருந்து அடிப்பது இன்னும் அதிகம். விவசாயிகள் சங்கத்தில் பேசிப் பார்.

யாராவது முயன்று பிழைத்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத வீடுகள் உண்டு. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர்களாகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்க அல்ல. அவர்களுக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை. இதை உங்கள் பஞ்சாயத்துத் தலைவரிடமும் சொல்லிவை.

உன் கேப்டனுக்கு என் நம்பரைக் கொடு. எங்கள் கீப்பர் அவனோடு பேசத் தயாராக இருக்கிறான், இரண்டு பேரும் ஒரே வயசு, நாம் சொல்வதைவிட அது எடுபடும். வருகை நோட்டை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். பரீட்சை லீவில் டீமைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வா, எங்கள் பள்ளிக்கூட ஹாலில் எல்லோரும் தங்கலாம், சமையல் என் பொறுப்பு. பதிலில் உன் தூக்கத்தைப் பற்றி எழுத மறக்காதே.

உன் பழைய ரூம்மேட்